அசையாத 180

போன வாரம் எங்கள் வீட்டு மாடித் தொட்டி காலியாகிவிட்டது. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி மட்டும் தொட்டி நிறைந்திருப்பதாகப் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. மேலே ஏறிப் பார்த்தால், மிதவை பாசியில் ஒட்டிக்கொண்டு உச்சியிலேயே நிற்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. 1996இல் ஒரு தொழிற்சாலையில் இதே மாதிரி அசையாமல் நின்ற ஓர் எண்ணைப் பார்த்தவன் நான். அந்த எண் அப்படி நின்றதில் என் கைக்கும் பங்கு உண்டு. இதுவரை வெளியில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். 1962 ஆகஸ்ட் 16இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகும் எங்கள் வகுப்பு பிரெஞ்சிலேயேதான் நடந்தது. பிரெவே தேர்வு முடித்து, தட்டச்சு கற்று, அரசு வேலையில் எழுத்தராகச் சேர்ந்தேன். அலுவலகத்தில் என் பிரெஞ்சுக்கு வேலையே கிடையாது. பழைய பத்திரம் எதையாவது படிக்க வேண்டுமென்றால் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

அந்த வருடம் ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் எண்ணெய் சூடாக்கும் அடுப்பு ஒன்றைப் பொருத்தினார்கள். எண்ணெய் என்றால் சமையல் எண்ணெய் இல்லை. ஒரு தனி எண்ணெயைக் காய்ச்சிக் குழாய்களில் சுற்றவிட்டு, அந்தச் சூட்டில் வேறு பொருள்களைப் பக்குவப்படுத்துவார்கள். தெர்மிக் ஆயில் என்று பெயர். அடுப்பும் அதன் பாதுகாப்புப் பெட்டியும் பிரான்சிலிருந்து பழையதாக வாங்கப்பட்டவை. கூடவே வந்த கையேடு முழுக்க பிரெஞ்சு. அனுமதிக் கோப்பில் ஆங்கிலப் பிரதி வேண்டும் என்று எங்கள் ஆய்வாளர் கேட்டார். தொழிற்சாலைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

நாற்பத்துச் சொச்சம் பக்கம். மாலை ஐந்தரைக்குப் பிறகு ரெமிங்டன் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து மூன்று வாரத்தில் அடித்து முடித்தேன். பணம் எதுவும் வாங்கவில்லை. முசியே, உங்களால்தான் முடியும் என்று நாலு பேர் சொன்னதே போதுமானதாக இருந்தது. மின்சாரம், கருவிகள் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பிரெஞ்சு தெரியும் என்ற தைரியம்தான். 'செக்யூரிதே பொசிதீவ்' என்று பல இடங்களில் வந்தது. பாசிட்டிவ் சேஃப்டி என்று அடித்துவிட்டேன். ஆய்வாளர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கு ஆங்கிலத்திலே ஃபெயில் சேஃப்ன்னு பேரு. விழுப்புரம் ரயில்லே போறீங்களே, ரெண்டு பெட்டிக்கு நடுவிலே குழாய் அறுந்தா என்ன ஆகும்? பிரேக் தானா விழுந்து வண்டி நிக்கும். அறுந்தா ஓடக் கூடாது, அறுந்தா நிக்கணும். அதுதான் விஷயம்" என்றார்.

அதைத் திருத்திக்கொண்டேன். மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் காலையில் தொழிற்சாலையிலிருந்து தகவல் வந்தது. இரவு எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து, மேல்தொட்டி வழியாகப் புகை கக்கி, எண்ணெய் தெறித்திருக்கிறது. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் ஆள் நாற்றத்தை வைத்துச் சந்தேகப்பட்டு, ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கியிருக்கிறார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. அவர் இறக்கியிராவிட்டால் கொட்டகையே பற்றியிருக்கும். ஆய்வாளர் ஜீப்பில் கிளம்பும்போது கையேட்டின் மூலத்தையும் என்னையும் சேர்த்து ஏற்றிக்கொண்டார்.

அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பி இருந்தான். டிப்ளமா படித்தவன், இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். பெட்டியின் முகத்தில் 180 டிகிரி என்று எரிந்துகொண்டிருந்தது. அடுப்பு அணைந்து ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. குழாயில் கையை வைத்தால் வெதுவெதுப்புதான். எண் மட்டும் 180.

பக்கத்தில் ஒரு பேனா காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும் கருவி இருந்தது. தம்பி அந்தக் காகிதத்தை உருவி எங்களுக்குக் காட்டினான். முதல் பாதியில் கோடு எறும்பு ஊர்ந்த மாதிரி நெளிந்து நெளிந்து போனது. இரவு பதினொன்றேகாலுக்குப் பிறகு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது.

"உண்மையான சூடு இப்படி நேரா ஓடாது சார். கொஞ்சமாவது ஆடும். இது செத்த கோடு" என்றான்.

அதற்குப் பிறகு அவன் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். குழாயில் சூட்டை அளக்கும் தலை ஒன்று இருக்கும். அது சூட்டை மின்னோட்டமாக மாற்றி இரண்டு கம்பி வழியாகப் பெட்டிக்கு அனுப்பும். இங்கே 0 டிகிரிக்கு 4 மில்லியாம்பியர், 300 டிகிரிக்கு 20. நடுவில் உள்ளதெல்லாம் அந்தக் கணக்குப்படி: 180 என்றால் 13.6, அடுப்பை நிறுத்த வேண்டிய 225 என்றால் சரியாக 16. பெட்டிக்குள் 250 ஓம் தடை ஒன்று இருந்து, இந்த ஓட்டத்தை 1 முதல் 5 வோல்ட்டாக மாற்றிப் படித்துக்கொள்ளும்.

ஏன் 4இலிருந்து ஆரம்பிக்க வேண்டும், 0இலிருந்து ஆரம்பித்தால் என்ன என்று கேட்டேன். அவன் விளக்கியபோது எனக்கு எங்கள் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. காலையில் பெயர் வாசிப்பார்கள். பாடம் படித்தவனோ படிக்காதவனோ, 'ப்ரெசான்' என்று குரல் கொடுத்தாக வேண்டும். குரல் வராவிட்டால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். 4 மில்லியாம்பியர் என்பது அந்தக் குரல்தான். சூடு ஒன்றும் இல்லாவிட்டாலும், நான் இருக்கிறேன் என்று தலை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஓட்டம் 4க்கு வெகு கீழே போனால் கம்பி அறுந்துவிட்டது என்று பெட்டி புரிந்துகொள்ளும். 0இலிருந்து ஆரம்பித்தால் எண்ணெய் ஆறியதற்கும் கம்பி அறுந்ததற்கும் வித்தியாசம் தெரியாது.

தம்பி ஒரு கம்பியைக் கழற்றி, நடுவில் மீட்டரை வரிசையாகப் போட்டான். 0.00 என்று காட்டியது. பெட்டியின் முனையில் 24 வோல்ட் இருந்தது. குழாயில் இருந்த தலையருகே போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. அப்படியென்றால் கோளாறு இரண்டுக்கும் நடுவில். நடுவில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் இணைப்புப் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்து ஒவ்வொரு கம்பியாக மெல்ல இழுத்தான். மூன்றாவது கம்பி கையோடு வந்துவிட்டது. திருகு செம்பைப் பிடிக்காமல் மேலுறையைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை நாள் நுனி மட்டும் உரசிக்கொண்டு வேலை செய்திருக்கிறது. கடற்காற்றில் செம்பு பச்சை பூத்திருந்தது.

கம்பியை வெட்டிச் சீவித் திருகி முடித்தான். 180 மறைந்து 46 என்று வந்தது. மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, லூஸ் கம்பிதான்" என்றார். ஆய்வாளர்கூட நோட்டை மூடப்போனார்.

தம்பி மட்டும் நகரவில்லை. "ஒருதடவை கழட்டிப் பாத்துடணும் சார்" என்றான்.

இப்போதுதானே பூட்டினாய் என்றார் மேனேஜர்.

"கம்பி அறுந்தது ஒரு கோளாறு. அறுந்தது பெட்டிக்கு ஏன் தெரியலைங்கறது வேற கோளாறு."

முதலில் கையடக்கமான ஒரு கருவியால் தானே மின்னோட்டம் கொடுத்துப் பார்த்தான். 4 கொடுத்தால் 0, 12 கொடுத்தால் 150, 20 கொடுத்தால் 300. மூன்றும் சரி. 16ஐத் தாண்டும்போது அடுப்பை நிறுத்தும் ரிலே டக்கென்று விழுந்தது. பிறகு மறுபடி 12இல் வைத்து, 150 எரியும்போது கம்பியை உருவினான். அபாய விளக்கு எரிய வேண்டும், ரிலே விழ வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. 150 அப்படியே நின்றது. ஐந்து நிமிடம் நாங்கள் நாலு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரவு நடந்ததும் அதுதான். கம்பி விட்டுப்போன நொடியில் 180 இருந்தது. பெட்டி அதையே பிடித்துக்கொண்டது. அடுப்பை எரியவைப்பதும் அதே தலையின் சொல்லைக் கேட்டுத்தான் என்பதால், இன்னும் சூடு போதவில்லை என்று அது எரித்துக்கொண்டே இருந்தது. குழாயில் நேராகச் செருகியிருந்த முள் வைத்த வெப்பமானியில் 260ஐப் பார்த்ததாகப் பாய்லர் ஆள் சொல்லியிருந்தார். அந்த இருட்டில் அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது எங்கள் பாக்கியம்.

தம்பி கையேட்டின் ஆங்கிலப் பிரதியைப் புரட்டினான். நான் அடித்தது. உள்ளே வரும் ஒவ்வொரு கம்பிக்கும் கோளாறு நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அட்டவணை. இரண்டு தேர்வுகள். ஒன்று 'ரெப்லி', அதாவது பாதுகாப்பான நிலைக்குப் பின்வாங்குவது. அதை ஒழுங்காகத்தான் எழுதியிருந்தேன். இன்னொன்று 'மெயின்டனன்ஸ்' என்று இருந்தது. இந்தக் கம்பிக்கு அதைத்தான் தேர்ந்திருந்தார்கள். பொருத்திய புதிதில் அடுப்பு காரணமில்லாமல் அடிக்கடி நின்றதாம். பராமரிப்பு நேரத்துக்கான ஏற்பாடு என்று நினைத்து இதற்கு மாற்றியிருக்கிறார்கள். உடனே தொல்லை நின்றுவிட்டது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

"அடிக்கடி நின்னதே இந்த லூஸ் கம்பியாலதான் இருக்கும் சார். அப்பவே அது சொல்லிச்சு. நாமதான் வாயை அடைச்சிட்டோம்" என்றான் தம்பி.

நான் மடியிலிருந்த மூலத்தைத் திறந்தேன். அட்டவணைக் கட்டம் சின்னது. அதில் முதல் ஐந்து எழுத்தும் ஒரு புள்ளியும்தான் இருந்தது. நான் அதைப் பராமரிப்பு என்று விரித்துக்கொண்டேன். அடுத்த பக்கத்து அடிக்குறிப்பில் முழுச் சொல்லும் இருந்தது: 'மேன்தியேன்'. விடாமல் வைத்திருத்தல். கடைசியாக வந்த மதிப்பை அப்படியே பிடித்து வைத்திருக்கும் என்று அடிக்குறிப்பு சொன்னது. அடிக்குறிப்பைச் சரியாகவே மொழிபெயர்த்திருந்தேன். அட்டவணையோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. படித்தவர்களும் பார்க்கவில்லை.

அந்தச் சொல் எனக்குத் தெரியாததா? பள்ளியில் கூன் போட்டு உட்கார்ந்தால் ஆசிரியர் பிரம்பை மேசையில் தட்டி அந்தச் சொல்லைத்தான் சொல்வார். நிமிர்ந்த இருப்புக்கும் அதே சொல். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை நாள் முதுகை நிமிர்த்தியிருக்கிறேன்.

அங்கே வைத்து நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது மறைக்க விரும்பவில்லை. மூலத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். மேனேஜர் ஒரு தாளை எடுத்து ஆய்வாளரிடம் நீட்டினார். தேர்வுகளைக் குறித்த தாள். கீழே தம்பியின் கையெழுத்து. "இவன்தான் சார் செட்டிங் போட்டது. இன்னைக்கே நிறுத்தி வைக்கிறோம்" என்றார். தம்பி எதுவும் பேசவில்லை. கையில் இருந்த கம்பித் துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை கடற்கரைச் சாலையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஊரில் அந்தப் பக்கத்தைப் படித்து ஒப்பிடக்கூடியவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் அந்தக் கோப்பைத் திறக்கப்போவதில்லை. எனக்கு மூத்த பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. வீட்டில் சொன்னேன். என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தப் பையனுக்கு வீட்டுல யார் இருக்கா?" எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆய்வாளர் அறைக்குப் போய் இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லலைன்னா இது யாருக்கும் தெரியாது. தெரியுமில்லே?"

"தெரியும் சார்."

"எழுத்திலே குடுங்க."

கொடுத்தேன். விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன். இனி எச்சரிக்கையாக இருக்கவும் என்ற ஒரு வரியோடு முடிந்தது. பதவி உயர்வு அந்த முறை வரவில்லை. அதற்கு இதுதான் காரணமா என்று நான் கேட்டதில்லை. தம்பியை நிறுத்தி வைக்கவில்லை. ஆய்வாளர் தொழிற்சாலையையும் விடவில்லை. ஒரே தலை அடுப்பையும் நடத்தி அதையே காவலும் காப்பது என்ன ஏற்பாடு என்று கேட்டு, நிறுத்துவதற்கென்று தனித் தலை, தனிக் கம்பி போடவைத்தார். மாதம் ஒருமுறை கம்பியைக் கழற்றிப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். பாய்லர் ஆளை அரசு மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். என் மொழிபெயர்ப்பைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே சார்" என்று கேட்டார்.

பிறகு 2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நடந்து 15 பேர் இறந்தார்கள். அதைப் பற்றிப் பின்னால் ஒரு கட்டுரை படித்தேன். அங்கே ஒரு கோபுரம் நிரம்பி வழியும் அளவுக்குத் திரவம் ஏறிக்கொண்டிருந்தபோது, மட்டம் மெல்லக் குறைகிறது என்று கருவி காட்டிக்கொண்டிருந்ததாம். உயர் மட்டத்துக்கென்று வைத்திருந்த தனி அபாய மணியும் அடிக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோனேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மெமோ விவகாரம் முடிந்து பத்து நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளில் அந்தத் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். கோபமாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். பையிலிருந்து ஆங்கிலப் பிரதியை எடுத்துத் திண்ணையில் வைத்தான்.

"சார், மிச்சப் பக்கத்தையும் ஒருதடவை சேர்ந்து பாத்துடலாமா?"

ஏழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். நான் பிரெஞ்சை வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்வேன். அவன் அது கருவியில் என்ன என்று எனக்குச் சொல்வான். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து ஆங்கிலத்தைத் திருத்துவோம். இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. ஒன்று, 'தெஃபோ' என்பதைச் சில இடங்களில் டிஃபால்ட் என்று எழுதியிருந்தேன். கோளாறு என்று வரவேண்டிய இடம் அது.

இன்னொன்று 'மாஸ்'. பெட்டியின் உடலோடு சேர்க்கும் மின் இணைப்புக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர். நான் எடை என்று நினைத்து மாஸ் என்றே விட்டுவிட்டேன். கம்பியைச் சுற்றியிருக்கும் கவச வலையை ஒரே ஒரு முனையில் மட்டும் அதோடு சேர்க்க வேண்டும் என்பது அந்த வரி. வரி புரியாததால் எலக்ட்ரீஷியன், நல்லதுக்குத்தானே என்று இரண்டு முனையையும் எர்த் செய்திருக்கிறான். இரண்டு இடத்தில் மண்ணைத் தொட்டால் இரண்டு மண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம் கவசம் வழியே ஓடி, சைகையையும் கெடுக்குமாம். பெரிய மோட்டார் கிளம்பும்போதெல்லாம் எண் மூன்று நாலு டிகிரி குதிப்பதற்குக் காரணம் தேடி ஒரு வருடமாக அலைந்துகொண்டிருந்தேன் என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாளே ஒரு முனையைக் கழற்றிவிட்டான். குதிப்பு நின்றுவிட்டது என்று சொல்ல அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, அவன் அம்மா கொடுத்தனுப்பிய வஞ்சிரக் குழம்பு ஒரு தூக்கு நிறைய இருந்தது. அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.